வாலையும் சோலையையும் வெட்டாதே

அன்புள்ள தங்கைக்கு,

கொடைக்கானல் பக்கத்து அட்டுவம்பட்டியில் உன் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி நீ எடுத்த படங்களைப் பொறுமையாகப் பார்த்தேன். பறவை சின்னதாக விழுகிறது, பனிமூட்டத்தில் நிறம் மங்கிவிடுகிறது, கிராப் செய்தும் எடிட் செய்தும் எப்படித் தேற்றுவது என்று கேட்டிருக்கிறாய். ஒன்றை முதலில் மனத்தில் வாங்கிக்கொள். பறவையைத் தெரிந்தவர்தான் பறவைப் படத்தை நன்றாக எடிட் செய்ய முடியும். எதை வெட்டலாம், எந்த நிறத்தைத் தொடக் கூடாது என்பதைச் சொல்லித்தருவது மென்பொருள் அல்ல, அந்தப் பறவைதான்.

உன் முதல் படத்தையே எடுத்துக்கொள்வோம். கிளை நுனியில் நீலமாக ஒரு ஈப்பிடிப்பான். முகத்தைப் பெரிதாகக் காட்ட நினைத்து வாலை வெட்டிவிட்டாய். பழனி மலையில் ஆண்டு முழுவதும் வாழ்வது நீலகிரி ஈப்பிடிப்பான். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வெர்டிட்டர் ஈப்பிடிப்பானும் வரக்கூடும். முன்னது ஆழ்ந்த நீலம், வயிற்றுப் பக்கம் வெளுப்பு, வாலின் அடியில் வெள்ளைத் திட்டுகள். பின்னது பச்சை கலந்த வெளிர்நீலம், வாலில் வெள்ளை கிடையாது. நீ வெட்டியெறிந்த வாலில்தான் அதன் அடையாளம் இருந்தது. போதாததற்கு நீலத்தைப் பச்சைப் பக்கம் தள்ளியும் இருக்கிறாய். இந்த இரண்டு மாற்றங்களும் சேர்ந்தால், ஒரு மலைப்பறவை வலசைப்பறவையாகிவிடும். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கோ ஈ-பேர்டு இணையதளத்துக்கோ அந்தப் படம் போனால், பிழை ஆவணமாகிவிடும்.

ஆகவே கிராப் செய்யும்போது அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை முழுப்பறவையும் சட்டத்துக்குள் இருக்கிறதா என்று பார். அது பார்க்கும் திசையில் கொஞ்சம் வெற்றிடம் விடு. கண் நட்டநடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கியிருந்தால் பார்வைக்கு இடம் கிடைக்கும். முகம் மட்டும் வேண்டுமென்றால் அதைத் தனிப்படமாகச் சேமித்துக்கொள், முழுப்படத்தை அழிக்காதே.

எவ்வளவு வெட்டலாம்? இதற்குக் கணக்கு உண்டு. 24 மெகாபிக்சல் கேமரா பெரும்பாலும் 6000×4000 புள்ளிகள் தரும். நீளத்திலும் உயரத்திலும் பாதியை வெட்டினால் 3000×2000, அதாவது கால்பங்கான 6 மெகாபிக்சல்தான் மிஞ்சும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் அது 10 அங்குல அகலத்துக்கு அச்சாகும். இன்னொரு முறை பாதியாக்கினால் 1500×1000. அச்சு 5 அங்குலத்தோடு நின்றுவிடும். போன் திரையில் அதுவும் அழகாகத்தான் தெரியும். ஆனால் வெட்ட வெட்ட நாய்ஸும் மங்கலும் கூடவே பெரிதாகும். ஃபோகஸ் தப்பிய படத்தை எந்த கிராப்பும் காப்பாற்றாது. ஆகவே எடுக்கும்போதே பொறுமை வேண்டும். ஈப்பிடிப்பான்கள் பூச்சியைப் பிடித்துவிட்டு அடிக்கடி அதே கிளைக்குத் திரும்பும். ஒளி நன்றாக விழும் பக்கம் அசையாமல் உட்கார்ந்திரு. குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு வரவழைக்காதே. கூட்டின் பக்கமும் போகாதே.

சுற்றுப்புறத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பழனிச் சிரிப்பான் உலகத்தில் வேறெங்கும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதிதான் அதன் வீடு. 1869இல் பிளான்ஃபோர்டு அதை விவரித்தபோது, பழனி மலையில் பறவைகளைச் சேகரித்த அமெரிக்க மிஷனரி ஃபேர்பேங்கின் பெயரை அறிவியல் பெயரில் வைத்தார். அந்தப் பறவை சோலையின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறதா, வாட்டில் மரத்திலா, யார் வீட்டுத் தோட்டத்திலா என்பது பார்ப்பவருக்கும் ஆராய்பவருக்கும் வேண்டிய செய்தி. பாசி படர்ந்த கிளையையும் பழக்கொத்தையும் வெட்டி, பறவையை மட்டும் நிறுத்தினால் அதன் ஊரைப் பறித்தவர்கள் ஆவோம். ஒவ்வொரு பறவைக்கும் நெருக்கமாக ஒரு கிராப், இடம் தெரிய ஒரு கிராப் என்று இரண்டு வைத்துக்கொள்.

இனி ஒளியும் நிறமும். கேமராவின் மூலப்பதிவான ரா ஃபைலாகவே எடு. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. பனிமூட்டத்தில் எடுத்த படத்தின் ஹிஸ்டோகிராம் நடுவில் குவிந்து கிடக்கும். கறுப்பு அளவைக் கொஞ்சம் இறக்கி, வெள்ளையைக் கொஞ்சம் ஏற்று. மூட்டத்தைத் துடைத்தே எடுத்துவிடாதே. அட்டுவம்பட்டியின் காலை அப்படித்தான் இருக்கும். மரநிழலில் இலைகளின் பச்சை பறவையின் மேல் ஏறிவிடும். ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்ய நடுநிலையான இடம் வேண்டும். பழனிச் சிரிப்பானுக்கு அதன் வெள்ளைப் புருவமே போதும். அது வெள்ளையாகும்வரை மாற்று, ஆனால் இறகின் கோடுகள் வெளுத்து அழியவிடாதே.

வெள்ளைவயிற்றுச் சோலைக்கிளி இருட்டுப் புதருக்குள் தத்தும் கருநீலப் பறவை. அதன் நிழலைத் தூக்கினால் நாய்ஸ் பொங்கும். முதலில் நாய்ஸைக் குறை. பிறகு மாஸ்க் போட்டுப் பறவையை மட்டும் மெதுவாக வெளிச்சப்படுத்து. புதர் இருட்டாகவே இருக்கட்டும். கறுப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானுக்கு நேர்மாறான ஆபத்து. அதன் ஆரஞ்சு ஏற்கெனவே கொழுந்துவிட்டு எரியும் நிறம். சாச்சுரேஷனை ஏற்றினால் சிவப்புச் சானல் நிறைந்து, இறகுகள் ஒரே பூச்சாகிவிடும். அங்கே நிறத்தைக் குறைப்பதுதான் வேலை.

ஷார்ப்பனிங் கடைசியில், பறவையின் மேல் மட்டும், கண்ணில் சற்றுக் கூடுதலாக. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மங்கிய இடத்தில் இல்லாத இறகை வரைந்துவிடக்கூடும். முகப்பில் விழுந்த குச்சியை அழிப்பதும், வேறு பின்னணியை ஒட்டுவதும் இதே வகைதான். சென்சார் தூசியை நீக்கலாம். காட்டில் இருந்ததை நீக்காதே. பெரிய காட்டுயிர்ப் போட்டிகள் மூல ரா ஃபைலைக் கேட்பது இதற்காகத்தான். ஃபிலிம் காலத்தில் இருட்டறையிலும் கையால் ஒளியை மறைத்து ஓரிடத்தை வெளுப்பாக்குவார்கள், கூடுதல் ஒளி விட்டு இன்னோரிடத்தைக் கறுப்பாக்குவார்கள். கறுப்பு வெள்ளையையே விடாமல் பற்றியிருந்த காட்டுயிர்ப் படக்கலைஞர் மா. கிருஷ்ணன் (1912–1996) நம் காடுகளை அந்த மரபில்தான் காட்டினார். ஒளியைச் சீர்செய்வதற்கும் உயிரை மாற்றி எழுதுவதற்கும் இடையிலான கோடு அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

மூலத்தைக் காப்பதற்குப் பாடம் படிக்க நீ தொலைவுக்குப் போக வேண்டாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறது. பழைய தகடுகளும் ஃபிலிமும் பத்திரமாக இருந்ததால் அவற்றை டிஜிட்டலாக்கி, அன்றைய சூரியப்புள்ளிகளை இன்றைய முறையில் அளக்கிறார்கள். உன் ரா ஃபைல்களும் அப்படி இருக்கட்டும்: நாளும் இடமும் எழுதிய கோப்புறை, இரண்டு பிரதி. எடிட் எப்போதும் தனிப் பிரதியில்.

காசு செலவழிக்கத் தேவையில்லை. டார்க்டேபிள், ரா தெரபி இரண்டும் இலவசம். திரையின் இரவு வடிகட்டியை அணைத்துவிட்டு உட்கார். முடித்ததை மறுநாள் காலையில் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பு. நிறம் தூக்கலாக இருந்தால் அப்போது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அந்த ஈப்பிடிப்பானின் ரா ஃபைலை மறுபடி திற. வாலோடு ஒன்று, கிளையும் சோலையும் தெரிய ஒன்று என்று இரண்டு கிராப் செய்து, மூலத்தையும் சேர்த்து அனுப்பு. எந்த மாற்றத்தை எதற்காகச் செய்தாய் என்று ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுது. காரணம் எழுத வராத மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்