பெரிட்டோனியல் டயாலிசிஸ்: அரிய கிருமித் தொற்றைக் கண்டறியும் வழி

பெரிட்டோனியல் டயாலிசிஸ் செய்துகொள்பவரின் வயிற்றுக்குள் கிருமி புகுந்து, உள்ளுறை அழற்சி அடைவது பெரிட்டோனைட்டிஸ். பெரும்பாலும் தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ், வாயிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ், குடலிலுள்ள ஈ.கோலை போன்றவையே காரணம். முதலில் தரப்படும் மருந்தும் இவற்றை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுக்கப்படுகிறது. அரிய கிருமிகள் வேறு இடங்களிலிருந்து வருகின்றன: பூனையின் வாயில் பாஸ்சுரெல்லா மல்டோசிடா, ஈர மண்ணில் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லியை, செடிகொடிகளில் பான்டோயா, குழாய்த் தண்ணீரிலும் மண்ணிலும் காசநோய்க் கிருமியின் பேரினத்தைச் சேர்ந்த மைக்கோபாக்டீரியம் அப்செசஸ்.

முதல் வேலை, வயிற்றிலிருந்து வெளியேறும் டயாலிசிஸ் திரவம் சேரும் பையைப் பார்ப்பது. திரவம் வடிந்து முடிந்ததும் பையின் பின்னால் அச்சிட்ட தாளை வைத்துப் பார்க்க வேண்டும். எழுத்து மங்கலாகத் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் தொற்று என்றே எண்ணி அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கலங்கிய பையைக் கொட்டிவிடாமல் கையோடு கொண்டுபோக வேண்டும். கிருமியின் அடையாளம் அதில்தான் இருக்கிறது. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பவே கூடாது. கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) எதுவும் வளராமல் போவதற்கு அது ஒன்றே போதும்.

மருத்துவமனையில் மருந்து தொடங்கும் முன் மாதிரி எடுக்க வேண்டும். திரவம் குறைந்தது 2 மணி நேரம் வயிற்றில் தங்கியிருந்த நிலையில், ஒரு மைக்ரோலிட்டரில் 100க்கு மேல் வெள்ளணுக்கள் இருந்து, அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்களாக இருந்தால் தொற்றுக்கு வலுவான சான்று. இரவில் இயந்திரத்தின் மூலம் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குத் திரவம் வயிற்றில் தங்கும் நேரம் குறைவு. அங்கே எண்ணிக்கையைவிட நியூட்ரோஃபில் விகிதத்தையே நம்பலாம். இரத்தக் கல்ச்சர் பாட்டில்களில் 5 முதல் 10 மில்லிலிட்டர் வரை திரவத்தைச் செலுத்தி, 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது விசாரணை. அரிய கிருமியைப் பிடிக்க இதைவிடப் பயனுள்ள கருவி இல்லை. அவசரத்தில் பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான். வீட்டில் பூனை, நாய் உண்டா? வயலில், தோட்டத்தில் வேலை செய்தாரா? குளத்திலோ ஆற்றிலோ குளித்தாரா? முன்பு காசநோய் இருந்ததா? நோயாளியின் குடும்பத்தாரே கேட்காமலே இவற்றைச் சொல்லிவிடுவது நல்லது. பூனை விஷயம் தனிக் கவனம் கோருவது. டயாலிசிஸ் குழாயைப் பூனை கடித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத துளை வழியே பாஸ்சுரெல்லா நுழைந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியுள்ளன. திரவம் மாற்றும் அறைக்குள் செல்லப் பிராணிகளை விடவே கூடாது. குழாயில் துளை தெரிந்தால், உடலுக்கும் துளைக்கும் இடையே கிளாம்ப் போட்டு மூடி, டயாலிசிஸை நிறுத்தி, டயாலிசிஸ் மையத்தை உடனே அழைக்க வேண்டும். வயிறு வலிக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

விசாரணையில் கிடைத்த தகவலை ஆய்வகத்துக்கும் எழுதி அனுப்ப வேண்டும். வேகமாக வளரும் மைக்கோபாக்டீரியாவைத் தோலிலிருந்து ஒட்டிய கிருமி என்று ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. பர்க்ஹோல்டேரியா சூடோமல்லியை சூடோமோனாஸ் என்று தவறாக அடையாளம் காணப்படுவதுண்டு. தமிழகத்திலும் காணப்படும் மெலியாய்டோசிஸ் நோயை உண்டாக்கும் இந்தக் கிருமிக்கு, வழக்கமாகத் தரப்படும் செஃபாசோலின், ஜென்டாமைசின் இரண்டுமே பொதுவாகப் பயன்படாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் தேவை. பின்னர் மாதக்கணக்கில் மாத்திரையும் தொடர வேண்டும். பெயர் தெரியாமல் செய்யும் சிகிச்சை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்த ஒரு கிருமியே போதுமான சான்று.

மூன்றாம் நாள் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்றால், வெள்ளணு எண்ணிக்கையை மீண்டும் பார்க்க வேண்டும். திரவம் தெளியாமலும் இருந்தால் காசநோய், மற்ற மைக்கோபாக்டீரியா, நோகார்டியா, பூஞ்சை ஆகியவற்றுக்கெனத் தனிக் கல்ச்சர் கேட்க வேண்டும். இவற்றில் சில வளர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் பாட்டில்களைச் சீக்கிரம் எறிந்துவிடக் கூடாது.

சரியான மருந்து கொடுத்தும் 5 நாளில் திரவம் தெளியவில்லை, வெள்ளணுக்களும் குறைந்துவரவில்லை என்றால் கத்தீட்டரை (வயிற்றில் பொருத்திய டயாலிசிஸ் குழாயை) எடுத்துவிடுவதே வழி. காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா என்று உறுதியானால் பெரும்பாலும் காத்திருக்காமலே எடுக்கப்படுகிறது. கத்தீட்டரைக் காப்பாற்றப் போய் வயிற்றின் உள்ளுறையை இழக்கக் கூடாது. தொற்று முழுதாக அடங்கி, குறைந்தது 2 வாரம் கழிந்த பிறகே புதிய கத்தீட்டர் பொருத்தலாம். அதுவரை ஹீமோடயாலிசிஸ் செய்யப்படும்.