'ஏழை படும் பாடு' – மன்னிப்பைப் பற்றிய ஒரு நாவல்

எங்கள் கண்டாச்சிபுரத்துக்கு அருகிலுள்ள முகையூரில் கிறித்தவ மக்கள் மிகுதி. 'பாவமன்னிப்பு' என்ற சொல்லை அவ்வூர் நண்பன் ஒருவன் வாயிலாகத்தான் முதன்முதலில் கேட்டேன். 'தப்புச் செய்தவன் சாமியாரிடம் சொல்லிவிட்டால் தீர்ந்ததா?' என்று அவனைக் கேலி செய்ததுண்டு. அந்தக் கேலிக்கு விடையாக ஒரு நாவல் கிடைத்தது. அதைப் பற்றி எழுதத் துணிகிறேன். அறிவியல் மாணவனுக்கு இலக்கியத்தில் என்ன வேலை என்று தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் கோபிக்கக் கூடாது.

பிரெஞ்சு ஆசிரியர் விக்தர் ஹியூகோ 1862-இல் வெளியிட்ட இந்நாவலைத் தமிழில் 'ஏழை படும் பாடு' ஆக்கியவர் கவியோகி சுத்தானந்த பாரதியார். நமக்குப் பக்கத்திலேயே, புதுவை அரவிந்தர் ஆசிரமத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர். 1950-இல் இதே பெயரில் நாகையா நடித்துத் திரைப்படமாகவும் வந்தது. அதில் ஜாவர் என்னும் போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு 'ஜாவர்' என்பதே அடைமொழியாக நிலைத்துவிட்டது. 1972-இல் வந்த சிவாஜி கணேசனின் 'ஞான ஒளி'யும் இக்கதையின் சாயல் கொண்டதே.

கதையின் தொடக்கம் பலருக்குத் தெரியும். தமக்கையின் ஏழு குழந்தைகளுக்காக ரொட்டி திருடிய ஜீன் வால்ஜீன், தப்பியோட முயன்றதற்கும் சேர்த்து 19 ஆண்டுகள் சிறையில் கிடந்து 1815-இல் வெளியே வருகிறான். கையிலுள்ள மஞ்சள் நிறச் சீட்டைப் பார்த்தவுடன் சத்திரங்கள் கதவடைக்கின்றன. சோறும் படுக்கையும் தருபவர் பிஷப் மிரியேல் ஒருவரே. அவருடைய வெள்ளிப் பாத்திரங்களையே திருடிக்கொண்டு ஓடுகிறான். போலீசார் பிடித்து வந்து நிறுத்தும்போது, 'நான் கொடுத்தவைதாம்' என்று சொல்லி, இரண்டு வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கிகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறார் பிஷப்.

ஆங்கிலப் பாடநூல்களில் இடம்பெற்று வந்த நாடகம் ஏறக்குறைய இங்கே முடிந்துவிடுகிறது. நாவல் முடியவில்லை. மன்னிக்கப்பட்ட அன்றே வால்ஜீன் ஒரு சிறுவனின் இரண்டு பிராங்கு நாணயத்தைக் காலால் மிதித்து மறைத்துக்கொள்கிறான்! பையன் அழுதுகொண்டே போன பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது. தேடி ஓடுகிறான், பையன் கிடைக்கவில்லை. மன்னிப்பு பெற்ற கணமே மனிதன் மாறிவிடுவதில்லை என்று ஹியூகோ அறிந்திருந்தார். எனக்கு இந்நூலின்மேல் நம்பிக்கை பிறந்தது இந்த இடத்தில்தான்.

பிறகு அவன் கருமணி நகைத் தொழிலில் பிசினுக்குப் பதிலாக அரக்கைப் பயன்படுத்திச் செலவைக் குறைத்து, செல்வனாகி, நகரத் தந்தையும் ஆகிறான். (வேதியியல் படிப்போர் கவனிக்க!) அநாதைச் சிறுமி காசெத்தை மகளாக வளர்க்கிறான். தன்னை விடாது துரத்திய ஜாவரைக் கொல்ல வாய்ப்புக் கிடைத்தும் விட்டுவிடுகிறான். குற்றவாளியிடம் உயிர்ப்பிச்சை பெற்றதை ஜாவரால் தாங்க முடியவில்லை. ஆற்றில் விழுந்து மாள்கிறான். மன்னிப்பை ஏற்கவும் ஒரு மனம் வேண்டியிருக்கிறது.

காசெத் மாரியஸ் என்ற இளைஞனைக் காதலிக்கிறாள். ஒரே மகளைப் பிரிக்க வந்தவன் என்று அவனை வெறுத்த வால்ஜீனே, 1832 கலவரத்தில் குண்டடிபட்ட அவனைத் தோளில் சுமந்து பாதாளச் சாக்கடை வழியே காப்பாற்றுகிறான். அதை அவனிடம் சொல்லவில்லை. ஆனால் திருமணத்துக்கு மறுநாள், 'நான் பழைய கைதி' என்பதை மட்டும் சொல்கிறான்.

மாரியஸ் படித்தவன், ஏழைகளுக்காகத் துப்பாக்கி ஏந்தியவன். அவன் என்ன செய்தான்? விரட்டவில்லை. காசெத்தைப் பார்க்க வால்ஜீன் வரும் அறையில் குளிருக்கு மூட்டும் தீ ஒருநாள் இல்லை. இன்னொரு நாள் நாற்காலிகள் இல்லை. கிழவன் புரிந்துகொண்டு வருவதை நிறுத்திக்கொள்கிறான். உண்மை தெரிந்து தம்பதிகள் ஓடி வரும்போது, பிஷப்பின் மெழுகுவர்த்திகள் எரிய அவன் இறந்துகொண்டிருக்கிறான்.

விவிலியத்தில் ஊதாரி மைந்தன் திரும்பி வந்த கதையிலும், வீட்டுக்குள் நுழைய மறுத்த மூத்த மகன் ஒருவன் உண்டு. தந்தையைப் பற்றிப் பேசுகிற நாம் அவனை மறந்துவிடுகிறோம். மாரியஸ் அந்த மூத்த மகன். பிஷப்பை வியப்பது எளிது. நம்மில் பலர் மாரியஸ் ஜாதி.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர், சிறைத் தண்டனை முடிந்து ஊர் திரும்பினார். கரும்பு வெட்டும் ஆட்களோடுகூட அவரைச் சேர்ப்பாரில்லை. என் தமக்கையின் திருமணத்துக்குப் பத்திரிகை வைக்க வேண்டியோர் பட்டியலை, வீட்டில் படித்தவன் என்பதால், நான்தான் எழுதினேன். அவர் பெயரை விட்டுவிட்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை, அப்பா கேட்கவுமில்லை. திருமணத்தன்று அவர் எதிர்ச்சாரியில் டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்காலிகள் எடுக்கப்பட்ட அந்த அத்தியாயத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அக்காள் குழந்தைக்கு ஆவணியில் காதுகுத்து. பட்டியலை இம்முறையும் என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.