ஆங்கிலத்தில் எண்ணுச் சொற்கள்: மாணவர்களுக்கு ஒரு சிறு பாடம்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றும் மரபு நம்முடையது. ஆனால் எண்ணை எழுத்தால் எழுதும்போதுதான் நம் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தில் தடுமாறுகிறார்கள். கணக்கில் கெட்டிக்காரராக இருக்கும் மாணவர்கூட, கட்டுரையில் எண்ணுச் சொல்லைத் தவறாக எழுதிப் புள்ளிகளை இழப்பதை ஆசிரியப் பணியில் பலமுறை கண்டிருக்கிறேன். தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தச் சிக்கல் எளிதில் தீரும்.

1. பெயருக்கு முன் வரும்போது

'த்ரீ லேம்ப்ஸ்' என்பதில் 'த்ரீ' எத்தனை என்று காட்டுகிறது. ரென், மார்ட்டின் இலக்கண நூலைப் படித்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இது எண்ணுப் பெயரடை. 1985இல் வெளிவந்த குவெர்க் முதலியோரின் விரிவான ஆங்கில இலக்கணம் இதை 'டிட்டர்மினர்' என்னும் வகையில் சேர்க்கிறது. பெயர் மாறினாலும் வேலை ஒன்றே. தமிழில் 'மூன்று விளக்கு' என்றாலும் போதும். மலாயிலும் 'தீகா புவா லம்பு' என்றால் பன்மை விளங்கிவிடும். ஆங்கிலத்திலோ எண்ணுக்குப் பின்வரும் பெயர் பன்மை வடிவம் பெறவேண்டும். 'த்ரீ லேம்ப்' என்று நம் பிள்ளைகள் எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

2. தனித்து நிற்கும்போது

'செவன் கேம், டூ வென்ட் ஹோம்' என்னும்போது எண்ணுச் சொல் பிரதிப்பெயராகிறது. தமிழில் ஆட்களுக்கு எழுவர், இருவர் என்றும், பொருள்களுக்கு ஏழு, இரண்டு என்றும் வேறுபடுத்துகிறோம். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்தான்.

3. பெயர்ச்சொல்லாக வரும்போது

"ஐயா, 'டூ ஹண்ட்ரட் பீப்பள்' என்பதில் 'ஸ்' இல்லை, 'ஹண்ட்ரட்ஸ் ஆஃப் பீப்பள்' என்பதில் மட்டும் ஏன் வருகிறது?" என்பது மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்வி. முன்னது 'இருநூறு பேர்', திட்டமான எண். பின்னது 'நூற்றுக்கணக்கானோர்', திட்டமில்லாத தொகை. திட்டமில்லாத தொகையைக் கூறும்போது 'ஹண்ட்ரட்' முழுப் பெயர்ச்சொல்லாகிப் பன்மை பெறுகிறது. கூடவே 'ஆஃப்' வருகிறது. 'தௌசண்ட்', 'மில்லியன்' ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

நாம் 'நூறு பேர்' என்கிறோம். ஆங்கிலத்தில் வெறும் 'ஹண்ட்ரட் பீப்பள்' என்றால் போதாது; 'அ ஹண்ட்ரட்' அல்லது 'ஒன் ஹண்ட்ரட்' என்று எழுதவேண்டும். இதை நினைவில் வைக்க மலாய் உதவும். 'செராத்துஸ்', 'செரிபு' என்பவற்றின் முன்னுள்ள 'செ' ஒன்றைக் குறிப்பதே. அந்த 'செ' இருக்குமிடத்தில் ஆங்கிலத்தில் 'அ' இருக்கும்.

நம் வட்டாரப் பேச்சில் புழங்கும் 'ஹண்ட்ரட் ஓவர் பீப்பள்' என்பதையும் தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் தவிர்த்து, 'ஓவர் அ ஹண்ட்ரட் பீப்பள்' என்று எழுதுக.

4. கூட்டுப் பெயரடையாக வரும்போது

'த பாய் இஸ் டென் இயர்ஸ் ஓல்ட்' என்பதில் 'இயர்ஸ்' பன்மை. 'அ டென்-இயர்-ஓல்ட் பாய்' என்பதில் 'ஸ்' இல்லை. எண்ணும் பெயரும் சேர்ந்து இன்னொரு பெயருக்கு அடையாகும்போது அவற்றை இணைக்கும் சிறுகோடு வரும், பன்மை வராது.

இச்சிறுகோடு அற்பமானதன்று. அன்னதானத்திற்கு அரிசி கேட்டு எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 'ட்வென்டி ஃபைவ்-கிலோ பேக்ஸ்' என்றால் ஐந்து கிலோ பைகள் இருபது. ஆக 100 கிலோ. 'ட்வென்டி-ஃபைவ்-கிலோ பேக்ஸ்' என்றால் ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ பை. எத்தனை பை என்பதே அதில் இல்லை! கோட்டின் இடம் மாறினால் அடுப்படியில் கணக்கு மாறிவிடும்.

5. வரிசை எண்கள்

'ஃபர்ஸ்ட் பிரைஸ்' என்பதில் 'ஃபர்ஸ்ட்' பெயரடை. 'ஃபர்ஸ்ட், வாஷ் யுவர் ஃபீட்' என்பதில் அதுவே வினையடை. 'டூ தேர்ட்ஸ்' என்னும் பின்னத்தில் 'தேர்ட்' பெயர்ச்சொல். ஆகவேதான் பன்மை பெறுகிறது. 'ஒன்ஸ்', 'ட்வைஸ்' என்பவை பெரும்பாலும் வினையடைகளாகவே வரும். வரிசை எண்ணும் தொகை எண்ணும் சேர்ந்து வந்தால் வரிசை எண் முன்னே நிற்கும்: 'த ஃபர்ஸ்ட் த்ரீ டேஸ்'. தமிழிலும் 'முதல் மூன்று நாள்' என்பதால் இதில் நமக்குச் சிரமமில்லை.

6. வினைமுற்று

'ஃபைவ் டிவோட்டீஸ் ஆர் வெயிட்டிங்' என்பதில் ஐவரையும் தனித்தனியே எண்ணுகிறோம், வினை பன்மை. 'ஃபைவ் ஹண்ட்ரட் ரிங்கிட் இஸ் இனஃப்' என்பதில் பணத்தை ஒரே தொகையாகக் கருதுகிறோம், வினை ஒருமை. 'டாலர்' பன்மையில் 'டாலர்ஸ்' ஆகும்; 'ரிங்கிட்' என்பதை அப்படியே எழுதுவது வழக்கம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டிற்கு வரும் ஆங்கில அழைப்பிதழையோ நாளிதழையோ பிள்ளையிடம் கொடுத்து, எண்ணுச் சொற்களின் கீழ்க் கோடிடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: அடுத்துப் பெயர்ச்சொல் உண்டா? எண்ணோடு 'ஸ்' உண்டா? பின்னால் 'ஆஃப்' உண்டா? விடை தெரிந்தால் அச்சொல்லின் வேலையும் பெரும்பாலும் தெரிந்துவிடும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

தாய்மொழியை நன்கு அறிந்த பிள்ளைக்குப் பிறமொழி இலக்கணம் பகையன்று. நம் செல்வங்கள் மும்மொழியிலும் சிறக்க, எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக.