‘டிக்’ சத்தம் சொல்லும் பாடம்

மாணவர்களே, புத்தகப்பை வாரின் நெகிழிக் கொக்கியைப் பூட்டுங்கள். ‘டிக்’கென்று கேட்கிறதா? நுழையும்போது அதன் இரு கரங்களும் வளைகின்றன. இடம் கிடைத்ததும் பழைய நிலைக்கு மீள்கின்றன. அப்போது எழும் ஒலி அது. இக்குணமே மீள்தன்மை. பத்து காஜா தோட்டங்களில் நம் தாத்தா பாட்டி சீவிய பால்மரத்தின் ரப்பருக்கு மதிப்புத் தந்ததும் இதுதான்.

கார்க் கதவின் உட்புறப் பலகையை இத்தகைய கொக்கிகள் பல சேர்ந்து பிடிக்கின்றன. ஒவ்வொன்றும் சற்று வளைந்துகொடுப்பதால், துளைகளின் சிறு அளவுப் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. பலகை நேராக அமர்கிறது.

ஆனால் மீள்தன்மைக்கு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் வளைந்த இடம் வெளுக்கும்; பிடிப்பு தளரும். ஆகவே, பைக் கொக்கியை வெடுக்கென இழுக்காதீர்கள். இருபுறமும் அழுத்தித் திறவுங்கள்.

பயிற்சி: வீட்டில் ‘டிக்’கென மூடும் மூன்று பொருள்களைத் தேடுங்கள். எப்பகுதி வளைகிறது?