கொங்கு நாட்டில் புள் ஓப்புதல்

உழவுத் தொழிலின் உறுப்புக்கள் பல. உழுதலும், எருவிடுதலும், களை பறித்தலும், நீர் பாய்ச்சுதலும் யாவரும் அறிந்தன. இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க மற்றோர் உறுப்பும் உண்டு. அது பயிரைக் காத்தல். திருவள்ளுவனார் உழவு என்னும் அதிகாரத்தில், நீர் பாய்ச்சுதற்கும் மேலாகக் காவலை வைத்துப் போற்றினார். விடியற்காலையிற் கிணத்துக்கடவுப் பக்கத்துத் தக்காளித் தோட்டமொன்றின் வரப்பில் நிற்பவர் அவர் கருத்தின் உண்மையை எளிதில் உணர்வர். பல திங்கள் உழைப்பையும் கடன்பட்டு இட்ட முதலையும் ஒரு நாழிகையிற் பறவைகள் பாழ்படுத்துதல் அங்கே கண்கூடு. ஆதலின் காய்களையும் கனிகளையும் பறவைகளிடமிருந்து காக்கும் வகையை நாம் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பழந்தமிழர் காவல்

குறிஞ்சி நிலத்துத் தினைப்புனக் காவல், சங்கச் செய்யுட்களைப் பயில்வார்க்குப் புதியதன்று. புனத்தின் நடுவே இதணம் என்னும் பரண் அமைத்து, அதன்மேலிருந்து மகளிர் கிளி கடிந்தனர். அவர் கைக்கொண்ட கருவிகளாகத் தழல், தட்டை, குளிர் என்பவற்றைக் குறிஞ்சிப்பாட்டு உரைக்கின்றது. தழல் என்பது கையாற் சுற்றுங்கால் ஓசை எழுப்புவது. தட்டை என்பது மூங்கிலைப் பலவாகப் பிளந்து தட்டி ஒலிக்கச் செய்வது. கல்லெறியும் கவணும் அவர்பால் இருந்தது.

இச்செய்திகளை அகத்திணை நயம் கருதி மட்டும் நாம் படித்து விடுகின்றோம். உழவு நூலாகக் கொண்டு படிப்பின் மூன்று உண்மைகள் புலப்படும். ஒன்று, காவல் ஆளின்றி நடந்ததன்று. பகல் முழுதும் கண்ணும் காதும் விழித்திருந்தன. இரண்டு, கருவி ஒன்றாக நில்லாமல் பலவாக இருந்தது. ஆகவே ஓசையும் இடையிடையே மாறியது. மூன்று, கதிர் முற்றும் சில கிழமைகளில் மட்டுமே காவல் நிகழ்ந்தது. கொய்தபின் இதணம் வறிதாயிற்று. அன்றியும், ஓப்புதல், கடிதல் என்னும் சொற்களின் பொருள் ஓட்டுதல் என்பதேயன்றிக் கொல்லுதல் அன்று. பயிரும் பிழைக்க வேண்டும், புள்ளும் பிழைக்க வேண்டும் என்னும் கொள்கை அச்சொற்களிலேயே அமைந்துள்ளது.

இன்று அம்முறையை அவ்வாறே மேற்கொள்ளல் அரிது. அந்நாளிற் பரண்மேல் இருந்த வயதினளாகிய பெண் இந்நாளிற் பள்ளியில் இருக்கின்றாள், அஃது மகிழத்தக்கதே. வளர்ந்தவர் பலரைத் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலும் கோவை ஆலைகளும் அழைத்துக் கொண்டன. பகல் முழுதும் குருவி ஓட்ட ஆள் வைப்பின், கூலிக்கே விளைச்சல் போதாது. காவலாள் நீங்கிய இடத்தை நிரப்புவது எது என்பதே இன்றைய வினா.

வரும் புட்கள் எவை?

ஓப்ப முயல்வார் முதற்கண் வருவது எப்புள் என்று அறிதல் வேண்டும். பச்சைக்கிளி கூட்டமாக வந்து மக்காச்சோளம், சோளம், சூரியகாந்தி, கொய்யா ஆகியவற்றைக் குதறும். உண்பதினும் உதிர்ப்பது மிகுதி. மைனாவும், குயிலும், கொண்டைக்குருவியும், குக்குறுவானும் திராட்சை, பப்பாளி, அத்தி முதலிய கனிந்த பழங்களை நாடும். தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தார் இவற்றை நன்கு அறிவர்.

இவை யாவற்றினும் இக்காலத்துக் கொங்கு உழவரை மிக வருத்துவது மயில். விதைத்த நிலக்கடலையை அது கிளறி உண்ணும், முளைத்த பயறுகளைக் கிள்ளும், நாற்றுக்களை மிதிக்கும், மிளகாயையும் தக்காளியையும் கொத்தும். ஒரு பழத்தை முழுதும் தின்று அடுத்ததற்குச் சென்றாலும் இழப்புக் குறைவாகும். அவ்வாறன்றி, ஒவ்வொன்றையும் ஒருமுறை கொத்திச் செல்லுதலால், கொத்துப்பட்ட பழம் அனைத்தும் சந்தையில் விலைபோகாதனவாகின்றன. மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் நிகழும் உழவர் குறைதீர் கூட்டங்களில் மயிலைப் பற்றிய முறையீடு மீண்டும் மீண்டும் எழுவது இதனாலேயே ஆகும்.

மயில் பெருகியமைக்குக் காரணம் பல. முட்டையையும் குஞ்சையும் கவரும் நரி முதலியன ஊர்ப்புறங்களில் அருகிவிட்டன. தரிசு நிலங்களிற் சீமைக்கருவேலம் அடர்ந்து, தரையிற் கூடு கட்டும் மயிலுக்கு மறைவிடம் ஆயிற்று. அருகிலேயே நீர் பாயும் தோட்டம் உணவு தருகின்றது. இவற்றோடு மக்களின் அன்பும் சேர்ந்தது. பழனியும் மருதமலையும் விளங்கும் நாட்டில் முருகனின் ஊர்தியைக் கொல்லத் துணிபவர் சிலரே. 2023ஆம் ஆண்டு வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையும், நாடெங்கும் பெருகி வரும் பறவைகளுள் ஒன்றாக மயிலைக் குறித்துள்ளது.

சட்டம் கூறுவது

மயில் 1963ஆம் ஆண்டு இந்திய நாட்டின் தேசியப் பறவையாயிற்று. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கின்றது. அதனைக் கொன்றார்க்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டம் உண்டு. மக்களின் உயிருக்கு இடர் விளைப்பதும், பிழைக்க இயலா நோயுற்றதும் ஆகிய நிலைகளிலன்றி, பயிர்ச்சேதம் ஒன்றையே காட்டி அவ்வட்டவணையிலுள்ள உயிரை வேட்டையாட இசைவு பெறுதற்கு அச்சட்டத்தில் இடமில்லை.

வெறுப்பின் மிகுதியால் நஞ்சு கலந்த தானியத்தை இறைத்தவரும் உளர். 2018ஆம் ஆண்டு மதுரையை அடுத்து நாற்பதுக்கு மேற்பட்ட மயில்கள் ஒருங்கே மாண்ட செய்தி நாளிதழ்களில் வெளிவந்தது. நஞ்சு மயிலோடு நிற்பதன்று. கோழியும், புறாவும், இறந்த பறவையைத் தின்னும் நாயும் மடியும். மழைநீரோடு கிணற்றிலும் கலத்தல் கூடும். எனவே அறத்தானும், சட்டத்தானும், தன்னலம் கருதியும் அது விலக்கத்தக்கது.

காக்கும் முறைகள்

தீங்கின்றிக் காக்கும் முறைகளை இருவகையாகப் பிரிக்கலாம்: அச்சுறுத்தல், தடுத்தல்.

அச்சுறுத்தலிற் பழமையானது வைக்கோற் பொம்மை. பேச்சற்ற ஒன்றிற்கு உவமையாக வெள்ளரித் தோட்டத்துப் பொம்மையை எரேமியா தீர்க்கதரிசியின் ஆகமம் காட்டுகின்றதெனப் புதிய மொழிபெயர்ப்புக்கள் சில கூறுகின்றன. அவ்வுவமை மிகப் பொருந்தும். அசையாப் பொம்மை அச்சந்தராது என்பதைச் சில நாளிற் காகம் அறிந்து அதன் தலைமீதே அமரும். தகர ஒலியும், பட்டாசும் இத்தன்மையனவே. பறவை பழகிவிடுமாயின் எக்கருவியும் பயனிழக்கும். ஆதலின் பொம்மையின் இடத்தையும் உடையையும் இரண்டொரு நாளைக்கு ஒருமுறை மாற்றல் வேண்டும். ஒலியும் வேளை மாறி எழ வேண்டும். பழந்தமிழர் பல கருவி கொண்டதன் நுட்பம் இதுவே.

ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் வெள்ளி நிறமும் உடைய ஒளிநாடா இந்நாளில் வழங்குகின்றது. பயிருக்குச் சற்று மேலே, கழிகளுக்கிடையே இரண்டு மூன்று முறுக்கு விட்டுக் கட்டின், காற்றில் அதிர்ந்து ஒலிக்கும், வெயிலில் மின்னும். கதிர் முற்றத் தொடங்கும்பொழுது கட்டிக் கொய்தவுடன் அவிழ்த்துவிடல் நன்று. ஆண்டு முழுதும் விட்டுவைப்பின் அதற்கும் பறவை பழகிவிடும்.

தடுத்தல் இதனினும் உறுதியானது. மாதுளை, கொய்யா முதலியவற்றிற்குக் காயாக இருக்கும்பொழுதே உறையிடலாம். மக்காச்சோளக் கதிரை அதன் இலையாலேயே சுற்றி மூடலாம்; கிளி பெரும்பாலும் ஓரத்து வரிசைகளையே தாக்குமாதலின், ஓர வரிசைகளை மூடுதலே பெரும்பயன் தரும். இதற்குச் செலவு இல்லை, கைவேலை ஒன்றே. திராட்சைப் பந்தலுக்கு வலை சிறந்தது. வலை தளர்வின்றி இழுத்துக் கட்டப்பெறல் வேண்டும். தளர்ந்த மெல்லிழை வலையிற் பறவையும் பாம்பும் சிக்கி மடியும். நாள்தோறும் வலையைப் பார்வையிடுதல் கடமை.

மயிலுக்கோ முறை வேறு. அது பெரும்பாலும் நடந்தே வயலுள் நுழைவது. ஆதலின் கொங்கு உழவர் பழைய சேலைகளை வேலிபோல் சுற்றிலும் கட்டுகின்றனர். உள்ளிருப்பது தெரியாமையாலும் சேலை அசைதலாலும் அது தயங்கும். நாற்றங்கால், புதிதாக விதைத்த பாத்தி ஆகிய சிறு இடங்களுக்கு இஃது ஏற்றது. பரந்த நிலத்திற்கு, காலையும் மாலையும் மயில் மேயும் வேளைகளில் மட்டும் ஆளோ நாயோ சுற்றி வருதல் பகல் முழுதும் காத்தலினும் சிக்கனமானது. அண்டை நிலத்தார் ஒரே காலத்தில் விதைப்பாராயின் சேதம் பலர்மேற் பரந்து, ஒருவர்க்குப் பேரிழப்பு ஆகாது. வரப்போரத்துச் சீமைக்கருவேலத்தை நீக்குதலும் உடன் செய்யத்தக்கது.

பறவை செய்யும் உதவி

பறவையைப் பகையென்றே கொள்வது பிழை. பழத்தைக் கொத்தும் மைனா புழுவையும் உண்ணும். ஏர்பின்னே செல்லும் கொக்கும், கம்பியில் அமர்ந்திருக்கும் கரிச்சானும் பூச்சிகளைத் தின்னும். கூகை எலியைப் பிடிக்கும். சீன நாட்டில் 1958ஆம் ஆண்டு சிட்டுக்குருவியை ஒழிக்கும் இயக்கம் தொடங்கிற்று. குருவி அழியவே பூச்சி பெருகிற்று. அக்காலத்துப் பெரும் பஞ்சத்திற்குரிய காரணங்களுள் அதுவும் ஒன்றாயிற்று. 1960ஆம் ஆண்டில் ஒழிக்கத்தக்கவற்றின் பட்டியலிலிருந்து குருவியை நீக்கினர். ஒப்புமை எல்லாவிடத்தும் பொருந்தாதெனினும், அழித்தலில் விரைதல் ஆகாதென்பதற்கு அஃது ஒரு சான்று.

சுமை யாருடையது?

இனி, முடிவாக ஒன்று. ஆவியர் குடித் தலைவனாகிய பேகன், மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணிப் போர்வை ஈந்தான் என்பது பழங்கதை. அவன் நாடு பழனி மலையைச் சார்ந்தது. அன்று கொடுத்தவன் அரசன். கொடுத்ததும் அவனது போர்வை. இன்று அதே நாட்டில் மயிலைப் புரப்பது நாடனைத்துமாகிய நாம் செய்த சட்டம். ஆனால் அதற்கு உணவு கொடுப்பவன் இரண்டு ஏக்கர் தக்காளி நட்ட உழவன் ஒருவனே. நகரத்திலிருந்து மயிலின் தோகையை வியப்பவர் ஏதும் கொடுப்பதில்லை. வள்ளன்மையைப் பிறர் பொருளாற் செய்தல் வள்ளன்மை ஆகாது.

ஆகாயத்துப் பறவைகளைப் பரம பிதா பிழைப்பூட்டுகின்றார் என்று நம் ஆண்டவர் அருளினார். அப்பிழைப்பூட்டும் கை பெரும்பாலும் ஏழை உழவனின் கையாக இருப்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும். மயிலைக் காப்பது நாட்டின் விருப்பமாயின், அதனால் விளையும் இழப்பை ஈடுசெய்வதும் நாட்டின் கடனே. வலைக்கும் வேலிக்கும் உதவித்தொகையும், சேதத்தைக் காலந்தாழ்த்தாது மதிப்பிட்டு இழப்பீடு வழங்கும் ஏற்பாடும் நீதியின்பாற்பட்டன; இரக்கத்தின்பாற்பட்டன அல்ல.

மாணவராகிய நமக்கும் பணி உண்டு. கோவையில் வேளாண் பல்கலைக்கழகமும், ஆனைகட்டியில் 1990ஆம் ஆண்டு தோன்றிய சாலிம் அலி பறவையியல் மையமும் அண்மையிலேயே உள்ளன. விடுமுறையில் ஊர் செல்வார் தம் தோட்டத்தில் எப்புள், எவ்வேளையில், எப்பயிரை, எத்துணை அழித்தது என்று ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வருவாராயின், அது முறையீட்டிற்குச் சான்றாகும், ஆராய்ச்சிக்கும் துணையாகும். தழலும் தட்டையும் பெயரளவில் நம் ஏட்டில் உள்ளன. அவற்றைக் கைக்கொண்டோரின் விழிப்பு நம்மிடத்தும் உண்டாகுக.