பங்கு வாணிபமும் கணிப்பொறித் திரையும்

1994ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் தேசியப் பங்குச் சந்தை, பங்கு வாணிபத்தைக் கணிப்பொறித் திரைவழி தொடங்கியது. பம்பாய்ப் பங்குச் சந்தையில் அக்காலத்தே ‘ரிங்’ எனப்பட்ட கூடத்தில் தரகர்கள் கூவியும் கைச்சாடை காட்டியும் விலை பேசி வந்தனர். 1995 மார்ச்சில் அதுவும் திரைக்கு மாறலாயிற்று. கூடத்தில் ஒருவர் தவறான விலையைக் கூறிவிட்டால் எதிரிலிருப்பவர் திருப்பிக் கேட்க வாய்ப்புண்டு. திரையில் கேட்பார் எவருமிலர். விலை, பின்னர் நேரம் என்னும் முறைமைப்படி ஆணைகளை இணைக்கும் பொறி, இட்டதை இட்டவாறே ஏற்கும். எனவே திருப்பிக் கேட்கும் பொறுப்பு, திரையை வடிவமைக்கும் மென்பொருட் குழுவையும் அதன் தலைவரையும் சார்ந்ததாகிறது.

இப்பொறுப்பின் கடுமையை டோக்கியோ நகரில் 2005 டிசம்பர் 8ஆம் நாள் நிகழ்ந்தது விளக்கும். அன்றுதான் சந்தைக்கு வந்த ஒரு நிறுவனத்தின் ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டிய தரகு நிறுவன ஊழியர், 6,10,000 பங்குகளை ஒரு யென் வீதம் விற்பதாகப் பதிவு செய்துவிட்டார். அந்நிறுவனம் வெளியிட்டிருந்த மொத்தப் பங்குகளே 14,500தான்! திரை எச்சரிக்கவே செய்தது. எச்சரிக்கை கடந்து செல்லப்பட்டது. ஆணையை நீக்க முயன்றபோது சந்தையின் கணிப்பொறியிலிருந்த பிழை அதற்கும் இடந்தரவில்லை. இழப்பு சுமார் 4,000 கோடி யென்.

எச்சரிக்கை ஏன் பயன்படவில்லை? நாள்தோறும் சிறு காரணங்களுக்கெல்லாம் தோன்றும் எச்சரிக்கையைக் கை தானாகவே தள்ளிவிடும். ஆதலின் எங்கே எச்சரிப்பது, எங்கே தடுத்தே நிறுத்துவது என்று பிரித்தறிவதே குழுத் தலைவரின் தலையாய பணி எனலாம். நிறத்தையும் எழுத்தையும் தெரிந்தெடுப்பது அதற்குப் பிற்பட்டதே. விலைக் கட்டமும் எண்ணிக்கைக் கட்டமும் ஒரே தோற்றத்தில் அருகருகே இருப்பின் விரல் மாறுவது இயல்பு. ஆணையின் மொத்த மதிப்பை உடனே கணக்கிட்டுப் பெரிதாகக் காட்டினால் கண் அதனைப் பிடித்துக்கொள்ளும். நம் நாட்டார்க்கு அம்மதிப்பு இலட்சம், கோடி என்றே பிரித்துக் காட்டப்பட வேண்டும். மில்லியன் கணக்கில் எழுதப்பட்ட அயல்நாட்டு மென்பொருளை அப்படியே வாங்கி வைப்பது தவறுக்குக் கதவு திறப்பதாகும்.

வேறு நுட்பங்களும் உள. விலை நொடிக்குப் பன்முறை மாறும்போது ஒவ்வொரு மாற்றத்தையும் காட்டினால் கண்ணால் படிக்க இயலாது. ஆகவே கடைசி விலையை மட்டும் சீரான இடைவெளியில் காட்டுவர். தொடர்பு அறுந்தால் பழைய விலை புதிது போலவே நிற்கும். இதுவே மிகவும் ஏமாற்றுவது. அவ்விலையை மங்கலாக்கி, கடைசியாக வந்த நேரத்தையும் பொறித்தல் வேண்டும். ஏற்ற இறக்கத்தைப் பச்சை, சிவப்பு நிறங்களால் மட்டும் உணர்த்துவதும் போதாது. அவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண இயலாதவர் உளர். கூட்டல், கழித்தல் குறிகளும் தேவை. இவற்றையெல்லாம் அறையில் அமர்ந்து முடிவு செய்ய இயலாது. சந்தை திறக்கும் நேரத்தில் வாணிபரின் அருகிலிருந்து, அவர் எந்த விசையைப் பாராமலே அழுத்துகிறார் என்பதைக் கவனித்தாக வேண்டும்.

இந்தியாவிலும் 2012 அக்டோபர் 5ஆம் நாள் ஒரு தரகு நிறுவனத்திலிருந்து 650 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட 59 தவறான விற்பனை ஆணைகள் தேசியச் சந்தையை அடைந்தன. நிஃப்டி குறியீடு நொடிப்பொழுதில் ஏறத்தாழ 15 விழுக்காடு வீழ்ந்து, வாணிபம் சிறிது நேரம் நின்றது. அவ்வாண்டு டிசம்பரில் செபி, வழக்கமான சந்தையில் 10 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தனி ஆணை எதனையும் சந்தைகள் ஏற்கலாகாது என விதித்தது. அந்த வரம்பு பெருந்தவறுகளுக்கே அணை. ஓர் எளிய முதலீட்டாளர் 100 பங்குகளுக்குப் பதிலாக 1,000 என்று தட்டிவிட்டால் அது வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். அவரைத் திருப்பிக் கேட்கத் திரையைத் தவிர வேறெதுவுமில்லை.