எட்டத்துக்கு எது, ஈரத்துக்கு எது?

நிக்கான் டி700 கேமரா 2008 ஜூலையில் வந்தது. ஓஎம் சிஸ்டம் டிஜி-7 வந்தது 2023 செப்டம்பரில். முதலாவது, கல்யாணப் படக்காரர்களும் பத்திரிகைப் படக்காரர்களும் தோளில் சுமந்த தொழில்முறை டிஎஸ்எல்ஆர். அமெரிக்காவில் அதன் அறிமுக விலை சுமார் 3,000 டாலர். இரண்டாவது, உள்ளங்கையில் அடங்குகிற, தண்ணீரில் முக்கினாலும் கீழே போட்டாலும் தாங்குகிற முரட்டுக் கேமரா. அறிமுக விலை 550 டாலர். இரண்டுக்கும் நடுவே பதினைந்து ஆண்டுகள். ஆனால் இரண்டின் பெட்டியிலும் ஒரே எண்தான்: 12 மெகாபிக்சல்.

இந்த எண்தான் வாங்க வருகிறவர்களைக் குழப்புகிறது. பழைய டிஎஸ்எல்ஆரை ஒரு லென்ஸோடு செகண்ட் ஹேண்டில் எடுக்கும் விலையும், புதிய முரட்டுக் கேமராவின் விலையும் பல சமயம் அக்கம்பக்கத்தில் வந்து நின்றுவிடுகின்றன. பணம் ஒன்று, மெகாபிக்சல் ஒன்று என்றால் எதை எடுப்பது?

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வளர்ந்து, பின்பு கழிமுகம் தாண்டி வாஷிக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெறும் பேச்சல்ல. அவர்கள் வீட்டுப் படியிறங்கினால் ஒரு பக்கம் தானே கழிமுகமும் பூநாரைகளும். இன்னொரு பக்கம் ஜூனில் தொடங்கி நான்கு மாதத்துக்கு விடாத மழை. மும்பை வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அதில் பெரும்பகுதி இந்த நான்கு மாதங்களில்தான். பறவை ஒரு கேமராவைக் கேட்கிறது, மழை இன்னொன்றைக் கேட்கிறது.

முதலில் அந்த 12 என்ற எண்ணைப் பார்த்துவிடலாம். டி700இன் சென்சார் பழைய ஃபிலிம் சுருளின் ஒரு கட்டம் அளவு: 36க்கு 24 மில்லிமீட்டர். டிஜி-7இன் சென்சார் ஏறத்தாழ 6க்கு 4.5 மில்லிமீட்டர், அதாவது ஒரு துவரம்பருப்பின் அளவு. பரப்பில் முப்பது மடங்கு வித்தியாசம். அதே 12 மில்லியன் புள்ளிகளை இந்தப் பருப்புக்குள் அடைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கிற வெளிச்சம் அவ்வளவுக்குக் குறையும். நல்ல வெயிலில் இது கண்ணுக்குத் தெரியாது. விளக்கு வைத்த பிறகு தெரியும்.

செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி அரங்கத்தில் பெண்ணின் பரதநாட்டிய அரங்கேற்றம் என்று வைத்துக்கொள்வோம். ஆடுகிற குழந்தையின் கண் கூசும் என்பதால் ஃப்ளாஷ் போடக்கூடாது. மேடை வெளிச்சம் மஞ்சளும் சிவப்புமாக மாறிக்கொண்டே இருக்கும். சுற்றி வருகிற கையை உறையவைக்க 1/250 நொடி ஷட்டர் வேண்டும். டி700இல் எஃப் 2.8 லென்ஸைப் போட்டு ஐஎஸ்ஓ 3200 வைத்தால் போதுமென்று கொள்வோம். அந்த உணர்திறனில் அது இன்றைக்கும் முகத்தின் நிறத்தைக் கெடுக்காமல் எடுக்கும். டிஜி-7ஐ முழு ஜூமுக்கு இழுத்தால் அதன் துளை எஃப் 4.9 ஆகச் சுருங்கிவிடும். அதே ஷட்டர் வேகத்துக்கு ஐஎஸ்ஓ பத்தாயிரத்தை ஒட்டிப் போக வேண்டும். அந்தக் கேமராவின் உச்ச வரம்பே 12800. படம் வரும். ஆனால் சலங்கையின் மணிகள் தனித்தனியாக இருக்காது, ஒரே குழம்பலாக இருக்கும். மாட்டுங்கா மண்டபத்துக் கல்யாணத்துக்கும் இதே கணக்கு. மேலே பெரிய ஃப்ளாஷ் பொருத்துகிற இடம்கூட முரட்டுக் கேமராவில் கிடையாது. மேடை நிகழ்ச்சிதான் முக்கியம் என்பவர்கள் இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை, பழைய டிஎஸ்எல்ஆர்தான்.

இனி பூநாரை.

தானே கழிமுகத்தின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் சதுப்பு நிலப் பட்டியலில் சேர்ந்தது. நவம்பர் வாக்கில் வரத் தொடங்கும் பறவைகள் மே வரை தங்குகின்றன. இவற்றின் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியதாகப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் கணக்கிட்டதுண்டு. ஐரோலியில் வனத்துறையின் மையத்திலிருந்து படகில் போய்ப் பார்க்கலாம். சீவுட்ஸ் பக்கம் என்ஆர்ஐ குடியிருப்பு, டி.எஸ். சாணக்யா அருகிலுள்ள சதுப்புகளில் கரையில் நின்றே பார்க்கலாம்.

கண்ணுக்கு அவை பக்கத்தில் தெரியும், கேமராவுக்குத் தெரியாது. சிறிய பூநாரை நிமிர்ந்து நின்றால் 80 முதல் 90 சென்டிமீட்டர் உயரம். அது 100 மீட்டர் தள்ளி நிற்கிறது என்று கொண்டால், டிஜி-7இன் முழு ஜூமிலும் பறவை படத்தில் சுமார் 100 பிக்சல் உயரம்தான் இருக்கும். மொத்தப் படத்தின் உயரம் 3,000 பிக்சல். கழிமுகமும் வானமும் அழகாக வரும். பூநாரை ஒரு ரோஜாநிறப் புள்ளி. டி700இல் 300 மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டால் அதே பறவை ஏறத்தாழ 300 பிக்சல். நிக்கானின் டி300, 2007இல் வந்த கேமரா. சென்சார் டி700ஐவிடச் சிறியது, செகண்ட் ஹேண்டில் விலையும் குறைவு. அதில் அதே லென்ஸைப் போட்டால் 460 பிக்சலுக்குக் கிட்டே வரும். சிறிய சென்சாரில் புள்ளிகள் நெருக்கமாக இருப்பதுதான் காரணம்.

பறவைக்காகக் கேமரா தேடுகிறவர்கள் 'ஃபுல் ஃப்ரேம்' என்ற சொல்லுக்கு மயங்கி டி700க்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. டி300 அல்லது கேனன் 7டி போதும். மிச்சப் பணம் லென்ஸுக்குப் போகட்டும். பாடி பழசாகலாம், லென்ஸ் நன்றாக இருக்க வேண்டும்.

கூட்டம் எழும்பிப் பறக்கிற அந்த ஐந்து நொடிதான் பூநாரை பார்க்கப் போனதன் பலன். அங்கே டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி வியூஃபைண்டர் வேலை செய்கிறது: கண்ணை ஒட்டிவைத்து, பறவையோடு உடம்பைத் திருப்பிக்கொண்டே, நொடிக்கு ஆறு படம். டி300இல் 51 ஃபோகஸ் புள்ளிகள் பறவையைத் தொடரும். முரட்டுக் கேமராவில் வியூஃபைண்டரே இல்லை. முற்பகல் வெயிலில் பின்பக்கத் திரை மங்கிவிடும். எந்தப் பறவையைப் பிடித்தோம் என்பது வீட்டுக்கு வந்துதான் தெரியும்.

இதற்கு விலை எடை. டி300 பாடி 825 கிராம், பழைய 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ் 1,440 கிராம், அப்புறம் பேட்டரி. தோளில் இரண்டே கால் கிலோவுக்கு மேல். ஹார்பர் லைனில் காலை எட்டரை மணி வண்டியில் இந்தப் பையோடு ஏறுவது எப்படி என்று அந்த வழியாகப் போகிறவர்களுக்குத் தெரியும். எதிர்ப்பக்கம் டிஜி-7, பேட்டரியோடு 249 கிராம்.

பழைய கனத்த கருவியைப் பற்றிப் பேசும்போது மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியாது. அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர், இந்திய இயற்கை எழுத்தின் முன்னோடி. யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த அவருடைய கேமராவின் பாடி ஒரு கம்பெனி, லென்ஸ் இன்னொரு கம்பெனி, இணைத்தது அவரே. அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பேர் வைத்திருந்தார். விலங்கின் போக்கை அறிந்து காத்திருந்து அவர் எடுத்த படங்கள் இன்றும் நிற்கின்றன. பதினைந்து வருஷத்துக் கேமராவைப் பழசு என்று தள்ளுகிறவர்கள் அந்தப் படங்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இவ்வளவும் டிஎஸ்எல்ஆர் பக்கம். ஜூன் பிறந்ததும் நிலைமை மாறிவிடும்.

தொழில்முறை டிஎஸ்எல்ஆருக்கு 'வெதர் சீலிங்' உண்டு என்று விற்பவர் சொல்வார். உண்மைதான், பொத்தான்களைச் சுற்றியும் மூடிகளிலும் ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. ஆனால் அது தூறலைத் தாங்கத்தான், கொட்டும் மழைக்கல்ல. பதினைந்து வருஷமான ரப்பரோ தன் இளக்கத்தை இழந்திருக்கும். கார்கரின் பாண்டவ்கடா அருவிப் பக்கம், கர்ஜத் மலையேற்றம், மழையில் குழந்தைகளின் கால்பந்து, இவற்றுக்கு அதை வெளியே எடுக்கவே மனம் வராது. டிஜி-7க்கு 15 மீட்டர் ஆழம் வரை உறையே தேவையில்லை, 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும்படி செய்திருக்கிறார்கள். ஏசி அறையிலிருந்து ஈரக்காற்றுக்குள் வந்ததும் டிஎஸ்எல்ஆர் லென்ஸ் முழுக்க ஆவி படியும், அரைமணி நேரம் பையை மூடியே வைத்திருக்க வேண்டும். டிஜி-7இல் லென்ஸுக்கு முன்னால் இரட்டைக் கண்ணாடி இருப்பதால் அந்தத் தொல்லை மிகவும் குறைவு.

முரட்டுக் கேமராவின் உண்மையான பலம் மழைகூட இல்லை, கிட்டம். மும்பைக் கடற்கரையில் நீர் வற்றும்போது பாறை இடுக்குகளில் குட்டைகள் மிஞ்சும். 2017இல் தொடங்கிய 'மரைன் லைஃப் ஆஃப் மும்பை' அமைப்பினர் பொதுமக்களை இந்தக் குட்டைகளுக்கு அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். பவளங்கள், கடல்சாமந்திகள், ஓடில்லாத வண்ணக் கடல்நத்தைகள். சுண்டுவிரல் நகமளவுள்ள ஒரு கடல்நத்தையை டிஜி-7இன் மைக்ராஸ்கோப் முறையில் லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே வைத்து எடுக்கலாம். அதன் முதுகிலுள்ள ஒவ்வொரு செவுள் இதழும் தெரியும். ஃபோகஸ் மாற்றிப் பல படங்கள் எடுத்து, கேமராவே ஒன்றாக அடுக்கித் தரும். எங்கே எடுத்தது என்பதை ஜிபிஎஸ் பதிந்துவைக்கும். இதே வேலைக்கு டிஎஸ்எல்ஆரில் தனி மேக்ரோ லென்ஸ் வேண்டும், அதையும் உப்புநீருக்கு மேலே கைநடுங்கப் பிடிக்க வேண்டும்.

உப்புநீருக்குப் போய்வந்த முரட்டுக் கேமராவுக்கும் கவனிப்பு தேவை. மூடிகளைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, துடைத்து, நிழலில் காயவைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பேட்டரி மூடியைத் திறக்கலாம். திறக்கும்போது ரப்பர் வளையத்தில் ஒரு தலைமயிர், ஒரு மணல் துகள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அடுத்த முறை தண்ணீர் உள்ளே போக அந்த ஒரு மயிர் போதும்.

கையிலுள்ள போன் போதாதா என்றும் கேட்கலாம். பகல் வெளிச்சத்தில், தெருவில், சாப்பாட்டு மேசையில் நல்ல போன் எடுக்கும் படத்தை டிஜி-7 மிஞ்சாது. மங்கிய வெளிச்சத்தில் போன்தான் மேல். தாராவி 90 அடி ரோட்டில் பொங்கலன்று வரிசையாகப் பானை வைக்கும் பெண்களை எடுக்கப் போகிறவருக்கும் போன் போதும். ஐபி68 போன்களுக்கான நீர்ச் சோதனையோ நல்ல தண்ணீரில் நடப்பது. கடல்நீருக்கு அது உத்தரவாதமல்ல. நீரும் நுண்படமும் வேண்டாத ஒருவர் முரட்டுக் கேமரா வாங்கினால், இருக்கிற போனையே இன்னொரு முறை வாங்கியது போலத்தான். டி300இலும் டி700இலும் வீடியோவே கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வீடியோ வேண்டுமென்றால் கேனன் 5டி மார்க் 2 அல்லது 7டி பார்க்கலாம்.

டிஎஸ்எல்ஆர் என்று முடிவு செய்தவர், வாஷியில் வண்டி ஏறி சி.எஸ்.எம்.டி.யில் இறங்கினால் எதிரே போரா பஜார். கேமராக் கடைகள் நிறைந்த தெரு. கையில் ஒரு டார்ச் கொண்டுபோக வேண்டும். லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார்த்தால், சிலந்தி வலை போல் வெள்ளை இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. மும்பை ஈரத்தில் மூடிய அலமாரியில் இருந்த லென்ஸுக்கு இது சர்வசாதாரணம்; அதை எந்த விலைக்கும் வாங்கக்கூடாது. டி300, டி700இன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. கடையிலேயே ஒரு படம் எடுத்து அந்த ஃபைலைத் திறந்தால் இதுவரை எத்தனை என்ற எண் அதற்குள் இருக்கும். மெனுவில் பேட்டரி விவரம் என்ற பகுதி பேட்டரியின் வயதை 0 முதல் 4 வரை காட்டும். 4 என்றால் புதிது வாங்கும் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கைப்பிடி ரப்பர் உப்பிக் கழன்றிருக்கிறதா, சிஎஃப் கார்டு போடும் இடத்தில் ஊசிகள் வளைந்திருக்கின்றனவா, இரண்டையும் கண்ணால் பார்க்க வேண்டும். சிஎஃப் கார்டும் ரீடரும் இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. விற்பவரிடமே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. வீட்டுக்கு வந்ததும் காற்றுப்புகாத டப்பா, அதில் சிலிக்கா ஜெல்.

எதை வாங்கினாலும் வாஷிக்காரருக்கு ஓத அட்டவணை ஒன்று வேண்டும். கழிமுகத்தில் நீர் ஏறிச் சேற்றுத்திட்டுகள் மூழ்கும்போதுதான் பூநாரைகள் சீவுட்ஸ் பக்கச் சதுப்புகளுக்கு ஒதுங்கிக் கிட்டத்தில் வருகின்றன. டி300காரர் ஏற்றம் காலையில் விழும் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிஜி-7காரருக்கு வேண்டியது நேர்மாறானது: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மிகவும் வற்றுகிற நேரம், கார்ட்டர் ரோடு பாறைகள், முழங்கால் வரை மடித்த பேண்ட். ஒரே நாளில் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம்.